வெயிலில் நிறுத்திய வேன்

என் மூக்கில் ஒரு குழாய் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் அதைக் கவனிக்காததுபோல் நடித்து, சுவரையும் கலண்டரையும் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குழாயை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசினால் என்ன? லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலை ஆலையில், சல்லடை அறையில், என் வாலிபம் முழுவதும் போனது. தேயிலைத் தூசி காரணமா, நான் குடித்துத் தள்ளிய பீடி காரணமா என்று பதுளை ஆஸ்பத்திரி டொக்டரும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போதே நுரையீரல் கெட்டுப்போனது.

கட்டிலுக்குப் பக்கத்தில் சில்லு வைத்த பெட்டி ஒன்று நிற்கிறது. அறையில் உள்ள காற்றை இழுத்து, அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் குழாய் வழியாக எனக்குத் தரும். பெட்டி சுவரில் மாட்டியிருக்கிறது, நான் பெட்டியில் மாட்டியிருக்கிறேன். குழாயைக் கழற்றிவிட்டு வாசல்வரை போய் வரலாம். அதற்கு மேல் போனால் நெஞ்சு அடைக்கும். கிளினிக் நாளில் மட்டும் ஒரு சின்னச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போவோம். அது போய்ச் சேர மட்டும்தான் போதும்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், என் தங்கை மகளின் காது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கைக்கும் கல்யாணமாகி வெகுகாலம் இல்லாமல் இருந்து, ஊரார் விசாரிப்பதையே விட்ட பிறகு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அப்போது என் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் கதிர்காமக் கந்தனிடம் பேசினாள். "இது தேறி வீட்டுக்கு வந்துச்சுன்னா, ஒன் வாசலுக்குக் கொண்டாந்து, மாமன் மடியில ஒக்கார வச்சு மொட்டையடிச்சுக் காது குத்துறேன்." நான் பக்கத்தில்தான் நின்றேன். மாமன் மடியை அவள் சேர்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் எங்களில் காது குத்துவது. வேறு மாதிரிச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

குழந்தை தேறியது. நான்தான் தேறாமல் போனேன். பிள்ளைக்கு நாலு வயதாகப் போகிறது, முடி இடுப்புக்கு இறங்கிவிட்டது, காது இரண்டும் மூளி. கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "இன்னும் குத்தலியா?" என்று தங்கையைப் பிடுங்கி எடுத்தார்கள். ஒருநாள் அவள் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணே, பெரியப்பா மகன் கொஸ்லந்தயில இருக்காருல்ல, அவரும் மாமா மொறதானே. அவரு மடியில வச்சு..." என்று இழுத்தாள்.

"தாராளமா. மடி எல்லாம் ஒரே மடிதான்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு என் மனைவி சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டதுபோல் காட்டிக்கொண்டேன்.

தங்கை புருஷன், என் மச்சான், வேன் ஓட்டுகிறவன். காலையிலும் பின்னேரத்திலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடையில் கிடைத்தால் எல்ல ஊர்ப் பக்கம் சுற்றுலாக்காரர்கள். அவனுக்கு வாயும் கையும் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. எல்லவில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தான். அவர்கள் ஒரு வேனுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறார்களாம். உள்ளே கட்டில், பிரிட்ஜ், மின்விசிறி, சமைக்க அடுப்பு. கூரையில் சோலார் பெனல் பதித்திருக்கிறார்களாம். எங்கே வெயில் இருக்கிறதோ அங்கே அவர்களுக்குக் கரண்ட்.

"பிரிட்ஜ் ஓடுதுன்னா ஒங்க பெட்டி ஏன் மச்சான் ஓடாது?" என்று கேட்டான்.

"நான் என்ன, பிரிட்ஜுக்குள்ள வைக்கிற மீனா?" என்று எரிந்து விழுந்தேன். நப்பாசை வந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேனின் பின் ஆசனங்களைக் கழற்றினான், மெத்தை போட்டான். வயரிங் வேலை தெரிந்த பாஸ் ஒருவரைப் பண்டாரவளையிலிருந்து கூட்டிவந்து, கூரையில் இரண்டு பெரிய பெனல் மாட்டி, ஆசனத்துக்கு அடியில் ஒரு பெட்டரியும் இன்வேர்ட்டரும் வைத்தான். ஓடும்போது வேன் எஞ்சினிலிருந்தும் பெட்டரிக்குக் கரண்ட் எடுக்கலாமே என்று நான் என் மூளையைக் காட்டினேன். இந்தப் பழைய வண்டியின் டைனமோ அதைத் தாங்காது, வெயில் ஒன்றுதான் வழி என்று பாஸ் சொல்லிவிட்டார்.

முதல்முறை என்னை உள்ளே உட்கார வைத்துப் பெட்டியை மாட்டியபோது, அது வீட்டில் ஓடுவதுபோலவே ஓடியது. மச்சான் உடனே வண்டியை எடுத்தான். தோட்டத்து ரோட்டில் மெதுவாக இறங்கி லுணுகலைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டுக் கடைக்கு எதிரே நிறுத்தினான். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தத் தெருவைப் பார்க்கிறேன்! பெயிண்ட் அடித்திருந்தார்கள், கோழிக்கடை இடம் மாறியிருந்தது. சூடான உளுந்து வடையைக் கடதாசியில் வாங்கிவந்து கொடுத்தான். தெரிந்தவர்கள் வந்து ஜன்னலில் தலையை நுழைத்து, "ஆ, வீட்டோடயே கெளம்பிட்டீங்களா?" என்று கேலி செய்தார்கள். சந்தோஷத்தில் இன்னொரு வடை கேட்டேன்.

என் மடியிலேயே காது குத்தக் கதிர்காமம் போகிறோம் என்றதற்கு டொக்டர் இலேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில், சிலிண்டரை நிரப்பிக் கையில் வைத்திருக்க வேண்டும், வழியில் பெட்டி நின்றால் சிலிண்டரை மாட்டிக்கொண்டு கிட்டேயுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போய்விட வேண்டும், வேறு எங்கும் போகக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் வாக்கு வாங்கிக்கொண்டு விட்டார்.

புறப்படுவதற்கு இரண்டு இரவு முன்னால் மழை பெய்து தோட்டத்தில் கரண்ட் போய்விட்டது. வழக்கமாக அப்படி நடந்தால் என் மனைவி சிலிண்டரையும் மணிக்கூட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். அந்த முறை வேன் பெட்டரியிலிருந்து வயர் இழுத்துப் பெட்டியை ஓட்டினோம். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அவளும் தூங்கினாள். விடியும்போது பெட்டரியில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் வானம் வெளுத்துவிட்டது. "இன்னிக்கி முழுக்க வெயில் குடிச்சா பொழுதுபட நெறஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு மச்சான் சாமான் வாங்கப் போனான்.

மலைநாட்டில் வீடுகள் படிப்படியாக இருக்கும். எங்கள் வாசல் மேலே, வேன் நிற்கும் இடம் கீழே. வாசல் ஓரத்திலிருந்து காலை வைத்தால் வேனின் கூரை. எந்த வண்டியானாலும் தூரப் பயணத்துக்கு முன்னால் பூஜை போடாமல் எடுக்க மாட்டோம். சில்லுக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்குச் சந்தனம், முன்னால் ஒரு மாலை. என் மனைவி அன்று பூஜை போட்டாள். கரண்ட் திரும்பி வந்து பெட்டி நன்றாக ஓட, நான் கட்டிலில் கண் அசந்திருந்தேன். அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.

மச்சான் வந்து, "பூஜை ஆச்சாக்கா?" என்றான்.

"ஆச்சு, தம்பி" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

பெட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன மீட்டர் வண்டிக்குள் உண்டு. அதன் கண்ணாடிமேலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தாள். நம்பர் ஒன்றும் தெரியவில்லை. மச்சான் விரலை நீட்டியவன் பின்வாங்கிவிட்டான். நல்ல காரியத்துக்குப் போகும்போது பொட்டை அழிப்பார்களா? "பச்ச லைட்டு எரியுது. அது போதும்" என்றான். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். மச்சான் ஓட்ட, தங்கையும் பிள்ளையும் முன்னால். நானும் என் மனைவியும் பெட்டியும் பின்னால். பிபிலைக்கு இறங்கும்போது வெளிச்சம் வந்தது. குளிர் விட்டுவிட்டது, வீடுகளின் நிறமும் மரங்களும் மாறின. மொணராகலை தாண்டியபோது என் மனைவி ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து வைத்தாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு தூரம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனதில்லை. அதை அவளிடம் சொன்னேன். "சும்மா இருங்க, தங்கச்சி கேக்கப் போகுது" என்று முழங்கையால் இடித்தாள்.

புத்தலைக்குக் கிட்டப் போகும்போது பெட்டி கத்தத் தொடங்கியது. நீளமாக ஒரு கூவல், அப்புறம் அமைதி. அந்த அமைதிதான் எனக்குப் பயம். என் மனைவி சிலிண்டரை மாட்ட ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. மச்சான் ரோட்டோரத்தில் நிறுத்தி, பின் ஏணியில் கூரைக்கு ஏறினான். இறங்கி வந்து, "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க" என்று மெதுவாகச் சொன்னான்.

கறுப்புப் பெனல் கட்டம் கட்டமாக இருக்கும் அல்லவா? ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அதற்கும் மேல், இரண்டு பெனலிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மூன்று பட்டைத் திருநீறு, தண்ணீரில் குழைத்துக் கனமாகப் பூசியிருந்தாள். முந்தைய நாள் வெயில் முழுவதும் அந்தத் திருநீற்றின் மேல் விழுந்து காய்ந்திருக்கிறது. பெட்டரிக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சநஞ்சம்தான்.

மச்சான் விஷயத்தைச் சொன்னதும் எனக்குத் தலைக்கு ஏறியது. மூச்சு இருந்திருந்தால் அன்று அவளைக் கண்டபடி திட்டியிருப்பேன். வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. மூச்சைப் பிடித்துத் திரட்டி மறுபடி வாயைத் திறப்பதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு திட்ட முடியவில்லை.

"கரண்ட் போன ராத்திரி ஒங்களத் தூங்க வச்சது இதுதானே" என்றாள். "அதான் ஒரு கட்டத்தையும் விடல. ஒவ்வொரு பொட்டுக்கும், அவருக்கு மூச்சக் குடுன்னு சொல்லிச் சொல்லி வச்சேன்."

அவள் கூரையில் குந்திக்கொண்டு, வெயிலில், கட்டம் கட்டமாக எனக்கு மூச்சுக் கேட்டிருக்கிறாள். நான் கீழே குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். இவளைக் கட்டிக்கொண்டதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் மூச்சு இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர்ப் போத்தல்களோடு மச்சான் மறுபடி ஏறப் போனான். அவள் விடவில்லை. "வச்சவதான் அழிக்கணும்" என்று புதுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். தலைக்கு மேலே அவள் நகர்ந்து நகர்ந்து தேய்க்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடியில் மஞ்சளும் வெள்ளையும் சிவப்புமாகத் தண்ணீர் வழிந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது. ரோட்டில் போன ஒரு ட்ராக்டர்க்காரர் வண்டியை நிறுத்தி, கூரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே வேன் கழுவும் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் தண்ணீர்க் கேனையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டிருந்தது. டொக்டருக்குக் கொடுத்த வாக்குப்படி அந்நேரம் நாங்கள் மொணராகலை ஆஸ்பத்திரியை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். தங்கை அழுதாள். "போயிடலாண்ணே. கொஸ்லந்த அண்ணனுக்கே போன் போட்டு வரச் சொல்றேன். யாரு மடியா இருந்தா என்ன?"

என் மனைவியும் கூரையிலிருந்து குனிந்து, "திரும்பிடலாங்க. நேந்தது நான்தானே. சாமி கோவிச்சுக்காது" என்றாள்.

"சாமி கோவிச்சுக்காது. நான் கோவிச்சுக்குவேன்" என்றேன். அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினேன்.

அப்போதுதான் பெட்டி ஒரு தரம் உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. மச்சான் மீட்டரிலிருந்த பொட்டையும் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். பெட்டரியில் ஒன்றுமே இல்லை என்றான். ஆனால் கழுவிய பெனலில் விழும் வெயில் நேரே பெட்டியை ஓட்டுகிறது. வெயில் படும்வரை ஓடும், நிழல் பட்டால் நிற்கும். ஒரு முடிவு செய்தோம். நல்ல வெட்டவெளியில் கொஞ்ச நேரம் நின்று பெட்டரிக்கு ஏதாவது ஊட்டுவது, சிலிண்டரில் மிச்சம் இருப்பதைத் தொடாமல் வைத்துக்கொள்வது, மறுபடி ஒரு தரம் பெட்டி நின்றால் யாரும் ஒரு வார்த்தை பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போவது. நான் தலையாட்டினேன்.

கதிர்காமத்துக்குப் போகும் காட்டு ரோட்டில் வழக்கமாக எல்லோரும் யானை வருகிறதா என்று பார்ப்பார்கள். நாங்கள் மர நிழலைப் பார்த்துப் பயந்துகொண்டு போனோம். ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் மச்சான் அக்சிலேட்டரை மிதித்தான்.

கதிர்காமத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக் காவலாளி எங்களுக்கு உதவுவதாக நினைத்து, ஆற்றுப் பக்கம் ஒரு மரத்தடியைக் காட்டினார். மச்சான் சிங்களத்தில் வெயில்தான் வேண்டும் என்றான். அந்த மனிதர் இவனுக்கு மண்டையில் ஏதோ கோளாறு என்று பார்த்தார். உள்ளே எட்டி, என் குழாயை நேராகப் பார்த்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நடுமைதானத்தில், நிழலே விழாத இடத்தில், இரண்டு வண்டிகளை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார்.

ஆற்றங்கரையில் நடக்க வேண்டியதெல்லாம் வேனின் படியில் நடந்தது. கதவைத் தள்ளித் திறந்து, காலைக் கீழே தொங்கவிட்டு நான் உட்கார்ந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மச்சான், கூரைப் பெனலில் நிழல் விழாமல் பார்த்து எனக்குக் குடை பிடித்தான். மடியில் பிள்ளையை வைத்தார்கள். என்ன கனம்! எத்தனை நாள் இந்தக் கனத்துக்காகக் காத்திருந்தேன். முதலில் முடி எடுத்தார்கள். என் கைமேல் கற்றை கற்றையாக விழுந்தது. மொட்டைத் தலையில் பூசச் சந்தனத்தைக் கையில் எடுத்த என் மனைவி, பூசாமல் என்னைப் பார்த்தாள். "பூசு, அது பெனல் இல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் அழுகையோடு சிரித்தாள்.

கோயிலடியிலிருந்து கூட்டிவந்த ஆசாரி வலது காதைக் குத்தினார். பிள்ளை போட்ட கூச்சலில் மைதானமே திரும்பிப் பார்த்தது. என் மனைவி குனிந்து அவள் காதில், "ஊ... ஊ... போச்சு, போச்சு" என்று ஊதிக்கொண்டிருந்தாள். அப்போது மேகம் ஒன்று வந்தது. பெட்டி கத்தியது, பிறகு நின்றது.

சிலிண்டரை எடுக்கத் தங்கை உள்ளே பாய்ந்தாள். "போதும், எறக்குங்க பிள்ளைய" என்று என் மனைவி சொல்வது கேட்டது. நான் இரண்டு கையாலும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு காது பாக்கி இருக்கிறது. நெஞ்சு மேலும் கீழும் அடித்தது. என் மடியில் இருந்தவளுக்கு அது முதுகில் தெரிந்திருக்க வேண்டும். அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மாமா, ஒங்களுக்கும் வலிக்குதா?"

என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, குழாய் இருக்கும் இடத்தில், எச்சில் தெறிக்க, தன் பலத்தையெல்லாம் கூட்டி ஊதினாள். "ஊ... ஊ... போச்சு, போச்சு." மூச்சு இழுத்து மறுபடி ஊதினாள். ஆசாரி இரண்டாவது ஊசியோடு கிட்டே வந்தார். அவரைக் கை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க. மாமாவுக்கு இன்னும் சரியாகல."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. தங்கை சிலிண்டரோடு வந்து நின்றபோது பெட்டி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. மேகம் விலகிவிட்டது என்றான் மச்சான். இன்றுவரை அப்படித்தான் சொல்கிறான். சொல்லிக்கொண்டு போகட்டும்.

என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, அவளே தலையைத் திருப்பி மற்றக் காதைக் காட்டினாள். அதைக் குத்தும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். குழாய் நனைகிறது என்று என் மனைவி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.